குற்றம் காண முடியாத கவுன்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் சபையில் பீடத்தில் விரிக்கிற ஆல்டர் துணிக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிற ஜாய்ஸ்மணி அக்கா. சொன்னது என் சின்னவனுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் நாங்கள் இரண்டு பேரும் விரிப்பில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது. பையனுக்குப் பைஜாமாவும் கவுனும் எங்கே எடுக்கிறாய் என்று கேட்டார்கள். கடைப்பேரைச் சொன்னேன். சுரண்டுவதை நிறுத்தாமல், எடு, ஆனால் எடுத்த துணியைப் பற்றி வீட்டில் யாரையும் வாயைத் திறக்க விடாதே என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குத்தான் இவ்வளவும் சொன்னார்கள். நான் இதைக் கதை என்கிறேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை.

அக்கா அதற்கு முன் பத்தொன்பது வருஷம் கோத்தகிரியில் மீரான் பாயின் ஜவுளிக்கடையில் காஜா எடுத்துப் பட்டன் கட்டுகிற வேலை பார்த்தவர்கள். அந்த ஊரில், தேயிலைக் கம்பெனியில் நாற்பது வருஷம் டீயை ருசி பார்த்துத் தரம் சொன்ன ஞானாபரணம் என்று ஒருவர் இருந்தார். ஊரே அவரை டேஸ்டர் ஐயா என்றுதான் கூப்பிடும். அந்த வேலை எப்படி என்றால், நீளமான மேசையில் முப்பது நாற்பது கோப்பையை வரிசையாக வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, அதில் என்ன குறை என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, துப்பிவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். முதல் கோப்பைக்குச் சொல் சொல்லாமல் இரண்டாவது கோப்பையைத் தொடக் கூடாது. அது அந்தத் தொழிலின் ஒழுங்கு. அவர் அந்த ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுவந்தார். சோற்றுக்கு ஒரு சொல், பிறகு குழம்புக்கு ஒரு சொல், பிறகு பரிமாறியவளுக்கு ஒரு சொல். துப்புவதை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்காகச் சொல்ல வேண்டும் என்றார்கள் அக்கா: இல்லாத குறையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தேடிக் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்ததைத்தான் சொல்வார், பொய் சொல்ல அவர் நாக்குக்கு வராது.

பழைய துரைமார்களைப் பார்த்துப் பழகியவர் என்பதால் அவருக்குக் காலை பத்து மணிவரை பைஜாமாவும் கவுனும்தான் உடுப்பு. கவுன் என்றால் பெண்பிள்ளைகள் போடுகிறது இல்லை. பைஜாமாவுக்கு மேலே ஆம்பிளைகள் போட்டு இடுப்பில் பட்டையால் முடிந்துகொள்கிற, முழங்காலுக்குக் கீழே வரைக்கும் தொங்குகிற அங்கி. அதைப் போட்டுக்கொண்டுதான் குடும்ப ஜெபம் நடத்துவார், கண்ணாடி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். தெருவுக்கும் அவரைப் பிடிக்காது. ஆம்பிளைக் கவுன் உட்கார்ந்திருக்கு பார் என்று பால்காரர்கூட சிரித்துக்கொண்டு போவார், ஆனால் மெதுவாகத்தான் சிரிப்பார்.

அவர் வேலையை விட்டு வந்த நாளில் கம்பெனியார் ஒரு கவுன் கொடுத்து அனுப்பினார்கள். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பை ஒரு ராத்திரி தாங்காது என்றார். காலையில் பை தனியே கழன்று, மடித்து வைத்ததுபோல தரையில் கிடந்தது. தைத்திருந்த நூல் அறுந்திருக்கவில்லை. பிரிந்து, ஒரு சின்ன உருண்டையாகத் தானே சுற்றிக்கொண்டு பைக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் யாரும் அதிசயப்படவில்லை. சொன்னேனே என்றார் அவர். ஆமாம், சொன்னார் என்றார்கள் எல்லாரும். அதற்குப் பிறகு காலர் கோணல் என்று சொன்னால் விடியும்போது காலர் தனியே கிடந்தது, நாடா இற்றது என்று சொன்னால் நாடா வெளியே வந்து பாம்புபோல சுருண்டு கிடந்தது, எது கழன்றாலும் மடிப்புக் கலையாமல் கிடந்தது, பக்கத்தில் நூல் உருண்டை இருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றுதான் அக்கா அதிக நேரம் சொன்னார்கள். அவர் சொல்வதால்தான் பிரிகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிரியப் போவது அவருக்கு முன்னாலேயே தெரிகிறது என்று நினைத்தார்கள். அதனால் கடைவீதியில் எதிரும் புதிருமாக இருந்த மீரான் பாயும் சுப்பையா செட்டியாரும், இருபது வருஷமாக முகம் பார்த்துப் பேசாதவர்கள், ஒருத்தர் கடைத் துணியை இன்னொருத்தர் ஆள்வைத்து வாங்கி, அழகாகப் பொட்டலம் கட்டி, சனிக்கிழமை தோறும் டேஸ்டர் ஐயா வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். செட்டியார் அனுப்பியது பாய் கடைச் சரக்கு, பாய் அனுப்பியது செட்டியார் கடைச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழன்று விழுந்த கையையும் காலரையும் அவரவர் கடை வாசலில் கம்பியில் தொங்கவிட்டு, இது எதிர்க்கடையில் எடுத்தது என்று அட்டை எழுதி மாட்டினார்கள். ஜனங்கள் கோயிலுக்குப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அடுத்த வீட்டுத் திரைச்சீலை, நாத்தனார் பின்னிய ஸ்வெட்டர், சம்பந்தி வீட்டார் கொடுத்த பட்டு, எல்லாம் அந்த வராந்தாவுக்கு வந்தது. புதுத்துணி உடுத்தியவர்கள் அந்தத் தெருவில் போகும்போது உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டுக்கொண்டு போனார்கள். கல்யாணப் பெண்ணை ஜீப்பில் ஏற்றி, மேலே பழைய போர்வையைப் போர்த்தி, மார்க்கெட்டைச் சுற்றிக் கூட்டிப் போனார்கள். பத்து வருஷம் இப்படி நடந்தது. பத்து வருஷத்தில் அந்த ஊருக்கு இது பனி விழுகிற மாதிரி ஆகிவிட்டது.

அந்த வீட்டுக்குத்தான் எப்சிபா மருமகளாக வந்தாள். தெற்கே, சாயர்புரம் பக்கத்துப் பெண், அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். மாமியார் இல்லை. மகன் தயாளன் தபாலாபீசில் இருந்தான், அப்பா முன்னால் தண்ணீர் குடிக்கக்கூடத் திரும்பிக்கொண்டு குடிப்பான். கல்யாணமாகாத மகள் புளோரா கோயில் பாடகர் குழுவில் பாடினாள். தலைக்கிறிஸ்மஸுக்குப் பெண் வீட்டார் மாமனாருக்குப் பைஜாமாவும் கவுனும் கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு முறை. எப்சிபாவின் அப்பா திருநெல்வேலியில் நாலு கடை ஏறி இறங்கி, தன் கையால் தடவிப் பார்த்து எடுத்த கவுனைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். டேஸ்டர் ஐயா எல்லார் முன்னாலும் அதை உள்புறம் வெளியே திருப்பினார், தையலோரத்து நூலில் ஒரு நுனியைப் பல்லில் கடித்துப் பார்த்தார், பிறகு சொன்னார்:

"வேர்வை ஊர்க்காரனுக்குக் கம்பளி என்ன தெரியும். வாத்தியார் புத்தி, மேலட்டையைப் பார்த்து வாங்கியிருக்கார். கை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசாது."

காலையில் கை இரண்டும் கதவின் இரண்டு பக்கமும் கிடந்தன. எப்சிபாவின் அப்பா ஆகாரம் சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

எப்சிபாவுக்குத் தினம் ஜெபக் குறிப்பு எழுதுகிற வழக்கம் உண்டு. யாருக்காக ஜெபித்தேன், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவாள். நானும் எழுதுவேன், அதனால் சொல்கிறேன், எழுதுகிறவளுக்கு மற்றவர்கள் பார்க்காதது கண்ணில் படும். கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில், சனிக்கிழமை பொட்டலம் ஒன்றும் வராத ஒரு வாரத்தில், சாப்பாட்டு மேசையில் அவர் புளோராவைப் பார்த்து, உன் குரலில் கீறல் இருக்கு என்றார். அடுத்த நாள் ஆராதனையில் புளோரா வாயைத் திறந்தபோது உடைந்த தட்டைத் தேய்க்கிற சத்தம் வந்தது. டாக்டர் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். குரல் வரவில்லை. ஐப்பசியில் மண்சரிந்து பாதை அடைபட்டு, கடைகளில் சரக்கு இல்லாத ஒரு சனிக்கிழமை, தயாளன் நடந்துபோவதைப் பார்த்து, இடது கால் சரியில்லை என்றார். மறுநாள் தயாளன் காலை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான். போனவன் கேட்டவர்களிடம் எல்லாம், அப்பா முன்னாலேயே கவனிச்சுட்டாங்க என்று பெருமையாகச் சொன்னான்.

எப்சிபா இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துணி வந்த சனிக்கிழமைகளில் மனுஷருக்கு ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் முதல் கோப்பை துணி. துணிக்குச் சொல் சொல்லி வாய் ஓய்ந்துபோனால் அந்த வாரம் மனுஷர் பிழைத்தார்கள். துணி இல்லையென்றால் முதல் கோப்பை மனுஷர்தான். அப்போது அவளுக்கு நாலு மாதம். அந்த வீட்டில் பிறக்கிற பிள்ளையைத் தாத்தா வாசலில் வைத்து மடியில் வாங்கி, பார்த்து, ஒரு சொல் சொல்லித்தான் உள்ளே விட வேண்டும். அவர் ஏற்கெனவே அவள் வயிற்றைப் பார்த்துச் சொல்லியிருந்தார், வரட்டும், பார்த்துச் சொல்லுதேன் என்று.

அடுத்த வாரம் எப்சிபா மீரான் பாய் கடைக்குப் போய், முன்னால் இருக்கிற அலமாரியைப் பார்க்காமல் நேராகப் பின்னால் ஜாய்ஸ்மணி அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தாள். அவள் கேட்டதை அக்கா அவள் கேட்ட மாதிரியே எனக்குச் சொன்னார்கள்.

"அக்கா, நல்லதா ஒரு பைஜாமா செட்டு வேணும். ஒரே ஒரு குறை இருக்கணும். பார்த்ததும் தெரியணும். கழண்டு விழுந்தாலும் மறுபடி தைக்கக் கூடியதா இருக்கணும்."

அக்கா, யாருக்கு என்று கேட்கவில்லை. வெள்ளை பட்டன் வரிசையில் ஒரு பழுப்பு பட்டனை மாற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த சனிக்கிழமை டேஸ்டர் ஐயாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு பட்டனுக்காக அவளையும் அவள் அப்பாவையும் அவள் ஊர்த் தண்ணீரையும் அரைமணி நேரம் பேசினார், பட்டன் காலையில் உருண்டு கிடந்தது, அந்த வாரம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் பை ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் கவுன் பட்டையைக் கோக்கிற வளையம் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருந்தது.

நல்ல துணியில் சரியான ஒரு குறையை வைக்க வேண்டும் என்றால் குறையில்லாத துணி எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். எப்சிபா அதைக் கற்றுக்கொண்டாள். துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்து, நூறு எண்ணிவிட்டுத் திறந்தால் சுருக்கம் தானாக விட வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும், ஒரு இடத்தில் வானம் தெரியக் கூடாது. ஓரத்தை ஈரமாக்கி வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. கோடு போட்ட துணி என்றால் பையின் கோடும் சட்டையின் கோடும் ஒரே கோடாக ஓட வேண்டும். தையலை மடித்து இரண்டு ஓட்டு ஓட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கத்தில் புரளும்போது தொடைப்பக்கம் விட்டுப்போகும். சிப்பிப் பட்டனைப் பல்லில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. பிளானல் துணியை வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயவைக்காவிட்டால், முதல் சலவையில் பெரியவர் பைஜாமா சின்னப் பையன் பைஜாமா ஆகிவிடும். கவுன் பட்டையை முதுகுப்பக்கம் நடுவில் ஒரு தையல் போட்டுப் பிடித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு பட்டை தொலையும். இதையெல்லாம் அவள் ஜெப நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

ஊருக்கு இது தெரியாது. ஊருக்குத் தெரிந்தது, தபாலாபீஸ் தயாளன் பெண்டாட்டிக்குப் பைஜாமா எடுக்கத் தெரியாது என்பது. கண்ணு எங்கே வெச்சுக்கிட்டு எடுக்குது என்று கோயிலில் பின் பெஞ்சில் பேசினார்கள். தயாளன் ஒரு நாள், உன்னாலே எங்க அப்பாவுக்கு வாரா வாரம் ரத்தக்கொதிப்பு ஏறுது என்று சொல்லி அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தரையில் எறிந்தான். மீரான் பாயோ, வாராவாரம் தன் கடைச் சரக்கு பிரிவதால் செட்டியார்தான் இவளை ஏவிவிடுகிறார் என்று முடிவுசெய்து, இனி என் கடைப் படி ஏறாதே என்று எல்லார் முன்னாலும் சொன்னார். செட்டியார் தன் பங்குக்கு, பாய் விரட்டின ஆளுக்கு நான் விற்க வேண்டுமா என்று கதவை ஒருச்சாய்த்தார். எப்சிபா ஏழு மாத வயிற்றோடு பஸ்ஸில் ஊட்டிக்குப் போய் பைஜாமா எடுத்தாள். எடுத்துவந்து, பாய் தொழுகைக்குப் போகிற நேரம் பார்த்துப் பின்பக்கமாக வந்து, அக்காவிடம் கொடுத்துக் குறை வைத்து வாங்கிப் போனாள்.

எட்டாவது மாதத்தில் அவள் ஒரு நாள் முன்வாசல் வழியாகவே வந்தாள். பாய் எழுந்து நின்று கத்தினார். பாய் முன்னால் வைத்திருந்த பைஜாமாக்களில் பன்னிரண்டை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் கோடு ஓடவில்லை, இதில் ஒற்றைத் தையல், இது இரண்டாம் சலவைக்குச் சுருங்கும், இது சாயம் விடும் என்று சொல்லிச் சொல்லி மேசையில் போட்டாள். சொன்னது எல்லாம் உள்ளதுதான் என்று பாய்க்குத் தெரியும். பாய் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவள், டேஸ்டர் ஐயா குற்றம் சொல்ல முடியாத ஒரு கவுன் இந்தக் கடைத் துணியில் வந்தால், எதிர்க்கடை என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க பாய் என்றாள். பாய்க்கு அவள்மேல் இருந்த கோபத்தைவிட செட்டியார்மேல் இருந்த கோபம் பெரியது. உள்ளே போய், வெளியே காட்டாமல் வைத்திருந்த கருநீலக் கம்பளித் துணிச் சுருளைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஆறு கெஜத்துக்கு எங்கேயும் ஒரு முடிச்சுக்கூட இல்லை.

லெந்து நாற்பது நாளும் அக்காவும் எப்சிபாவும் அதைத் தைத்தார்கள். அக்கா சாயங்காலம் தைத்ததை எப்சிபா காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அரை நெல் அளவு விலகியிருந்தாலும் பிரித்துப் போடுவாள். தைக்கிறவர்கள் ஜெபத்தோடு தைத்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அக்கா அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும், ஊசியைத் துணியில் குத்துகிற மாதிரியே குத்தமாட்டாள் என்றார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற சனிக்கிழமை காலை, தெருவில் இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. ஒருத்தரும் வாழ்த்த வரவில்லை. என்ன சொல்வார் என்று கேட்க வந்திருந்தார்கள். டேஸ்டர் ஐயா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தார். எப்சிபாவின் அம்மா பிள்ளையை வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். எப்சிபா முன்னால் வந்து, பிள்ளையை வைக்க வேண்டிய மடியில் கவுனை வைத்தாள்.

"இதை முதல்ல பாருங்க மாமா. பிறகு பிள்ளையைப் பாருங்க."

அவர் சிரித்தார். வரிசையில் முதல் கோப்பை வந்துவிட்டது, முதல் கோப்பையை விட்டு இரண்டாவதைத் தொடுகிறவர் இல்லை அவர். எல்லாரும் கேட்கும்படி, வாத்தியார் மக இன்னைக்கு என்ன கந்தலைக் கொண்டாந்திருக்கா என்று சொல்லிக்கொண்டே கவுனைத் திருப்பினார். காலரைப் பார்த்தார். கையைக் கைமேல் வைத்துப் பார்த்தார். பையைப் புரட்டினார். நூலைக் கடித்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி காலரிலிருந்து தொடங்கினார். பதினோரு மணி ஆனது. பிள்ளை அழுதது, அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள், எப்சிபா அங்கே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் நின்றாள். ஜனம் முறைவைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. செட்டியார் குடை பிடித்துக்கொண்டு ஒரு பக்கமும், பாய் கையைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமும் நின்றார்கள். புளோரா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். தயாளன், அப்பாவுக்கு மயக்கம் வந்துவிடும், ஒரு குறையாவது சொல்லிக் கொடு, எங்கே இருக்குன்னு சொல்லு என்று மனைவி காதில் கெஞ்சினான். அவள் திரும்பவே இல்லை.

மூன்று மணிக்கு அவர் எழுந்தார். போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கவுனை மாட்டிக்கொண்டார். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. பட்டை வளையத்துக்குள் ஒழுங்காக ஓடியது, முடிந்தால் முடிச்சு நின்றது. உட்கார்ந்தார், எழுந்தார், குனிந்தார், கையை வீசினார். ஒரு இடத்திலும் அது அவரைப் பிடிக்கவில்லை, ஒரு இடத்திலும் தொங்கவில்லை. பிறகு அவர் எப்சிபாவைப் பார்த்தார். அத்தனை வெறுப்போடு ஒரு மனுஷன் ஒரு மனுஷியைப் பார்த்து நான் கண்டதில்லை என்றார்கள் அக்கா. அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"என்ன மாமா," என்றாள். "பிள்ளை காத்திருக்கு."

சொல்லாமல் நகர முடியாது. பொய் சொல்லவும் வராது. வாயில் ஒரு மடக்கு டீ வெகுநேரமாக நிற்கிறமாதிரி அவருக்குக் கன்னம் இரண்டும் உப்பியது என்றார்கள். கடைசியில் மெதுவாகச் சொன்னார், முன்வரிசையில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது.

"கவுன்ல குத்தமில்ல. உள்ள இருக்குற ஆளுதான் சரியில்ல."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளையைக் கேட்கவில்லை. எப்சிபா பிள்ளையை வாங்கி, அவரைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

அவர் அங்கேயே இருந்தார், கூப்பிட்டும் வரவில்லை. விடிந்து பார்த்தபோது கவுன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பட்டை முடிந்தபடி இருந்தது, கை இரண்டும் நாற்காலிக் கைகளின்மேல் இருந்தன, கீழே அவர் பைஜாமா மடிப்புக் கலையாமல் செருப்புவரைக்கும் இறங்கியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. பக்கத்தில், எது கழன்றாலும் எப்படி இருக்குமோ அப்படியே ஒழுங்காக, அவர் மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் இருந்தன. நூல் உருண்டை மட்டும் இல்லை.

யாரும் அலறவில்லை. சொன்னாரே என்றார்கள். போலீஸ் வந்து காணவில்லை என்று எழுதிக்கொண்டு, அங்க அடையாளம் என்ற இடத்தில் கவுனின் நிறத்தை எழுதிக்கொண்டு போனது. ஆயர், துணிக்கு அடக்க ஆராதனை கிடையாது என்றார். சபைக் கமிட்டி இரண்டாகப் பிரிந்து மூன்று கூட்டம் போட்டுச் சண்டை பிடித்து, பல்செட்டையும் கண்ணாடியையும் ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் புதைக்கலாம் என்று முடிவுசெய்தது. கவுனையும் கேட்டார்கள். எப்சிபா தர மறுத்தாள். குற்றமில்லாததை மண்ணில் போடுவதற்கு நான் நாற்பது நாள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவில்லை என்றாள். மீரான் பாய், டேஸ்டர் ஐயாவே குற்றம் காணாதது என்று பெரிய பலகை வைத்து அந்த ரகக் கவுனை மலை முழுக்க விற்றார். செட்டியார், ஆளைத் தின்கிற கவுன் என்று அதற்கு எதிரே பலகை வைத்தார். அதுவும் பாய்க்குத்தான் விற்றுக் கொடுத்தது. தங்களுக்குப் பிடிக்காத மாமனாருக்கு வாங்கிப்போக வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

தயாளன் ஒரு வருஷம் மனைவியோடு பேசவில்லை. ஒரு மாதத்தில் கால் சரியாகிவிட்டது, ஆனாலும் அப்பா மேல் உள்ள மரியாதைக்காக இழுத்து இழுத்துத்தான் நடந்தான். புளோரா ஈஸ்டர் காலையில் பாடினாள். குரல் திரும்பியிருந்தது, முன்போல இல்லை, மேலே போகும்போது கொஞ்சம் கோணியது. கோயிலில் இருந்த ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு கண் கொஞ்சம் மாறுகண். அதையும் இன்றுவரை அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்கே பெரியவனாகிக் கண்ணாடிக் கடையில்தான் தெரிந்ததாம்.

கவுன் அந்த வராந்தாவிலேயே இருக்கிறது. எப்சிபா மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு எடுத்து மறுபடி நாற்காலியில் உட்கார வைப்பாளாம். சனிக்கிழமைகளில் இன்னும் சிலர், பழக்கம் விடாமல், அடுத்த வீட்டார் துணியைப் பொட்டலம் கட்டி அதன் மடியில் வைத்துவிட்டுப் போவார்களாம். காலையில் ஒன்றும் கழன்றிருக்காது. ஏமாந்துபோய் எடுத்துக்கொண்டு போவார்களாம், அடுத்த வாரம் வேறொன்று கொண்டுவருவார்களாம்.

நான் அக்காவிடம் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு மனசு உறுத்தவில்லையா, ஒரு நாளாவது அழவில்லையா என்று. கேட்காமல் இருந்திருக்கலாம். அக்காவும் ஒருமுறை அவளிடம் கேட்டார்களாம். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாளாம், "அக்கா, நான் நல்ல துணிதான் எடுத்தேன்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஜெபித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்காக ஜெபிப்பேன். அந்தப் பெரியவருக்காகவும் ஜெபிக்கப் பார்ப்பேன். பாதி வழியில், என் பிள்ளைகள் உடுத்தி வந்து நின்றபோதெல்லாம் நான் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக வரும், அதோடு ஜெபம் நின்றுபோகும். சின்னவனிடம் ஒருமுறை, உனக்கு எதைப் போட்டாலும் நிற்காது என்று சொல்லியிருக்கிறேன். அவன் இரண்டு வேலையை விட்டுவிட்டான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நாளைக்கு அவன் வருகிறான். இரண்டு பைஜாமாவும் ஒரு கவுனும் எடுத்து வைத்திருக்கிறேன், கசக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பட்டனைப் பல்லில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். துவைத்து எடுத்தபோது ஒரு பைஜாமாவின் நாடா ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. என் கண்ணுக்கு அந்த ஓட்டை தெரியவில்லை. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்களே, ஊக்கு அந்த ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. கொஞ்சம் கோத்துக் கொடுங்கள். துணியைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.